பழைய நாணயத்தை மதிப்பிடுவது, விற்பது, மாற்றிக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

வீட்டை ஒழிக்கும்போது எங்கிருந்தோ ஒரு தகர டப்பா வெளியே வரும். திறந்தால் உள்ளே பழைய நாணயங்கள். உடனே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "இதெல்லாம் லட்சக்கணக்கில் போகும், யாரிடமும் வாயைத் திறக்காதே" என்று ஒரு கட்சி. "செல்லாக்காசு, எடைக்குப் போட்டுவிடு" என்று இன்னொரு கட்சி. பெரும்பாலும் இரண்டுமே தோற்கும்.

நாணயத்துக்கு ஒரே விலை என்று ஒன்று கிடையாது. உருக்கினால் தேறும் உலோக விலை ஒன்று. டீலர் உங்களிடம் வாங்கும் விலை ஒன்று. அதையே அவர் அடுத்தவருக்கு விற்கும் விலை ஒன்று. நாணயங்களைப் பட்டியலிடும் கேட்டலாகில் அச்சிட்டிருக்கும் விலை இன்னொன்று. எதிரில் இருப்பவர் இதில் எந்த விலையைப் பேசுகிறார் என்று புரிந்தாலே பாதி ஏமாற்றம் குறையும். இனி வருவதை வரிசையாகச் செய்யுங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அதற்கடுத்த கணக்கெல்லாம் தப்பாகும்.

1. முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், பளபளப்பாக்காதீர்கள். ஆரம்ப நாட்களில் கருத்துப்போன ஒரு வெள்ளி நாணயத்தைப் பற்பசை போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கி, பெருமையாக ஒரு டீலரிடம் நீட்டினேன். அவர் விளக்கடியில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "எடைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். அவ்வளவுதான்.

அவர் எதைப் பார்த்தார் என்பது பிறகுதான் புரிந்தது. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விட்டுச் செல்லும். புழங்காத நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், அந்த வரிகளில் பட்ட ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றி வரும். தேய்த்தால் அது செத்துவிடும். மிஞ்சுவது ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்களும் உயிரில்லாத வெளுப்பும்தான். இதைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. வெள்ளியின் மேல் படரும் கருமையோ ஊதா, நீல நிறமோ அழுக்கு அல்ல, காற்றிலுள்ள கந்தகம் உண்டாக்கிய மெல்லிய படலம். அழகாகப் படிந்த நிறத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் உண்டு.

பசையோ, மலிவு பிளாஸ்டிக் உறையில் கிடந்து ஒட்டிய பச்சைப் பிசுக்கோ இருந்தால் மட்டும், சுத்தமான அசிட்டோனில் ஊறவிட்டு, வடிநீரில் அலசி, துடைக்காமல் ஒற்றி எடுக்கலாம். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டெனத் தீப்பற்றும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. பிவிசி என்ற அந்த மலிவு பிளாஸ்டிக் உறைகளைத் தூக்கிப்போட்டு மைலார் (பாலியெஸ்டர்) உறைக்கோ கேப்சூலுக்கோ மாற்றுங்கள். அப்புறம், மாற்றுப் பார்க்கிறேன் என்று யாராவது உரைகல்லை எடுத்தால் நாணயத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நகைக்கு அது சரி. நாணயத்துக்கு ஒரு உரசலே போதும், தரம் போய்விடும்.

2. அது என்ன என்று கண்டுபிடியுங்கள்

நாடு, மதிப்பு, ஆண்டு, ஆட்சியாளர், நாணயச்சாலைக் குறி. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். நாணயச்சாலைக் குறி என்பது ஆண்டுக்குக் கீழோ ஓரத்திலோ இருக்கும் ஒற்றை எழுத்தோ புள்ளியோ. பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், விலையைத் தீர்மானிப்பது பல நேரம் அதுதான்.

ஆண்டு அடிக்கடி ஏமாற்றும். உதுமானிய நாணயத்தில் 1293 என்று பார்த்துவிட்டு எழுநூறு வருடப் பழசு என்று குதிக்கக் கூடாது. அது ஹிஜ்ரி ஆண்டு, நம் கணக்கில் 1876. அதுவும் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது பட்டமேறிய ஆண்டு மட்டுமே. எந்த ஆண்டில் அடித்தது என்பதை, கூடவே இருக்கும் சின்ன ஆட்சியாண்டு எண் சொல்லும். தாய்லாந்து நாணயத்தில் பெரும்பாலும் புத்த ஆண்டு இருக்கும், 543-ஐக் கழிக்க வேண்டும்.

உறைந்த ஆண்டுகளும் உண்டு. ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலர் என்ற வெள்ளி நாணயத்தில் 1780 என்றுதான் இருக்கும். பேரரசி இறந்த ஆண்டு அது. செங்கடல் பக்கத்து வியாபாரிகள் வேறு காசை நம்ப மறுத்ததால், அதே 1780 முத்திரையோடு வியன்னா, லண்டன், ரோம், பம்பாய் என்று பல ஊர்களில் இருபதாம் நூற்றாண்டு வரை அடித்துத் தள்ளினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் 1862 ரூபாயும் இதே கதைதான், 1874 வரை அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். ஆகவே இந்த நாணயங்களில் ஆண்டு எதையும் நிரூபிக்காது. அச்சின் நுண்வேறுபாடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

எழுதி முடித்ததும் அளவெடுங்கள். 0.01 கிராம் காட்டும் மின்னணுத் தராசு, ஒரு வெர்னியர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், இந்த மூன்றும் போதும். எடை, விட்டம், தடிமன், விளிம்பு வரிகள் எல்லாவற்றையும் குறியுங்கள். தலைப்பக்கத்தை நிமிர்த்திப் பிடித்து, இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நேராக இருக்கிறதா, தலைகீழாகவா? யூரோவில் நேராக இருக்கும், அமெரிக்க நாணயத்தில் தலைகீழாக இருக்கும். மாறியிருந்தால் சந்தேகப்பட ஒரு காரணம் கிடைத்தது. இந்த விவரங்களை வைத்து கேட்டலாகில் தேடினால் அந்த நாணயத்தின் கேஎம் எண் (கிராஸ்-மிஷ்லர் உலக நாணயக் கேட்டலாகின் வரிசை எண்) கிடைக்கும். டீலரிடம் பேசும்போது அந்த எண்ணைச் சொன்னாலே அவருடைய தொனி மாறும்.

3. தரை விலையைக் கணக்கிடுங்கள்

வெள்ளி, தங்க நாணயமாக இருந்தால், எந்த நிலையிலும் இதற்கு வெகுவாகக் கீழே போகக்கூடாது என்ற விலை ஒன்று உண்டு. மொத்த எடையை மாற்றால் (உலோகத்தின் தூய்மை விகிதம்) பெருக்கினால் சுத்த உலோக எடை வரும், அதை அன்றைய உலோக விலையால் பெருக்க வேண்டும். தாலரின் எடை 28.07 கிராம், மாற்று 0.833. ஆக, சுத்த வெள்ளி 23.4 கிராம். அமெரிக்காவின் மார்கன் டாலர் 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி, சுமார் 24.06 கிராம். 1940-க்கு முந்தைய பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், மாற்று 0.917, சுமார் 10.7 கிராம்.

இங்கே இரண்டு குழிகள். உலோக விலையை அவுன்ஸில் சொன்னால் அது ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம். சமையல் தராசின் 28.35 கிராம் அவுன்ஸை வைத்துக் கணக்குப் போட்டால் பத்து சதவீதத்துக்குப் பக்கமாகப் பிசகும். இரண்டாவது குழி நம் மொழியிலேயே இருக்கிறது. நகைக்கடையில் சவரன் என்றால் 8 கிராம். அந்தப் பெயரைத் தந்த பிரிட்டிஷ் சவரன் நாணயமோ 7.988 கிராம், அதுவும் 22 காரட். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம்தான். "ஒரு சவரன் காசு இருக்கிறது" என்று பேசும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாக இருங்கள்.

தரை விலை என்பது உருக்கு விலை. வாங்குபவர் அதிலும் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார், அவர் பிழைக்க வேண்டாமா! தேய்ந்த, சாதாரண நாணயத்துக்கு அதுவே நியாயமான முடிவு. ஆனால் மற்ற படிகளை முடிக்காமல் எதையும் உருக்கக் கொடுக்காதீர்கள்.

4. அசலா, போலியா

காந்தத்தில் தொடங்குங்கள். தங்கமும் வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. 1943-இல் போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டால் அமெரிக்கா ஒரு செண்டை எஃகில் அடித்தது. தவறுதலாக வெண்கலத்தில் அடிபட்ட சில மட்டும் பெரும் விலை போகும். அதற்காக எஃகு செண்டுக்குச் செம்பு முலாம் பூசி விற்பவர்கள் ஏராளம். காந்தம் ஒரு நொடியில் காட்டிக்கொடுக்கும். ஒட்டாமல் போனாலும் எடை பாருங்கள், எஃகு 2.7 கிராம், வெண்கலம் 3.11 கிராம்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. தராசின் மேல் பாதி டம்ளர் வடிநீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் நூலைத் தட்டி உதிருங்கள். தராசு இப்போது காட்டும் எண், நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நல்ல தாலருக்குத் தராசு 2.75 பக்கம் காட்டும், 28.07-ஐ அதனால் வகுத்தால் 10.2 வரும். 83 சதவீத வெள்ளிக்கு அதுதான் சரி. செம்பு-நிக்கல் போலியாக இருந்தால் 8.9 பக்கம் நிற்கும். சுத்த வெள்ளி 10.49, ஈயம் 11.34, தங்கம் 19.32. ஒரே சங்கடம் டங்ஸ்டன், அதன் அடர்த்தி 19.25, தங்கத்தை உரசிக்கொண்டு நிற்கும். பெரிய தங்கக் கட்டி நாணயங்களுக்கு இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். பளபளப்புக் குறையாத புதுச் செம்பு நாணயத்தைத் தண்ணீரில் நனைக்கவும் வேண்டாம்.

பிறகு லென்ஸ். வார்த்தெடுத்த போலியில் எழுத்தோரங்கள் மழுங்கியிருக்கும், தரையில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி ஒரு தையல் கோடோ அதை அராவிய தடமோ இருக்கும். நாணயம் அசல், ஆனால் குறி போலி என்ற வகை இன்னும் மோசம். 1916-இல் டென்வரில் அடித்த அமெரிக்க டைம் (பத்து செண்ட் நாணயம்) 2,64,000 மட்டுமே. அதனால் வேறு ஊரில் அடித்த அதே ஆண்டு டைமில் டென்வரின் குறியான 'டி' எழுத்தை ஒட்டி விற்கிறார்கள். சரியான தங்கத்திலேயே அடித்த போலிச் சவரன்களும் சந்தையில் உண்டு. தராசு அதைப் பிடிக்காது, அச்சை ஒப்பிட்டால்தான் தெரியும். விலை பெரிதாக இருந்தால் நிபுணர் கண்ணுக்குப் போகட்டும்.

5. தரம்: இங்கேதான் நாம் நமக்கே பொய் சொல்வோம்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சொந்த நாணயத்துக்குத் தரம் போடும்போது எல்லோரும் ஒரு படி கூட்டித்தான் போடுகிறோம். நான் இப்போதும் என் கணக்கில் ஒரு படி குறைத்துக்கொண்டுதான் விலை தேடுகிறேன். பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கிறது.

படிக்கட்டு இப்படிப் போகும்: ஜி (குட்), விஜி (வெரி குட்), எஃப் (ஃபைன்), விஎஃப் (வெரி ஃபைன்), எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்), ஏயு (ஏறக்குறைய புழங்காதது), கடைசியில் புழங்காத யுஎன்சி. எண்ணில் சொல்வதானால் 1 முதல் 70 வரை, யுஎன்சி 60-இல் தொடங்கும். இந்த எண்முறையை 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் பழைய பெரிய செண்டுகளுக்காக வகுத்தார். பின்னாளில் உலகமே எடுத்துக்கொண்டது. தரத்துக்கு அளவுகோல் தந்த அதே மனிதர், அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல செண்டுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்துவிட்டார் என்பது அவர் இறந்த பிறகு தெரியவந்தது. இந்தத் துறையில் யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

பார்க்கும் முறை எளிது. உருவத்தில் மேடாக நிற்கும் இடங்களைத் தேடுங்கள்: காதுக்கு மேல் முடி, கன்னம், கிரீடத்தின் விளிம்பு, கழுகின் மார்பு. முதலில் தேய்வது அவைதான். முடி இழை இழையாகத் தெரிந்தால் எக்ஸ்எஃப் பக்கம், பெரிய கற்றைகள் மட்டும் தெரிந்தால் விஎஃப், தலை வழுவழு என்று நிழலாக இருந்தால் ஜி அல்லது விஜி. எக்ஸ்எஃப்-க்கும் யுஎன்சி-க்கும் நடுவில் சில நாணயங்களின் விலை பத்து மடங்கு தாவும். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

ஓட்டை, சங்கிலியில் கோத்த தடம், பற்றவைத்த புள்ளி, கழுவிய மேற்பரப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தரப் படிக்கட்டிலேயே இடமில்லை. உருவம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் விலை சரிந்துவிடும்.

தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்புவதா? பிசிஜிஎஸ் 1986-இலும் என்ஜிசி 1987-இலும் தொடங்கின. சோதித்து, எண் போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். கட்டணம், அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்த்துப் பார்த்து, சான்றால் கூடும் விலை அதைப்போல மூன்று மடங்காவது இருந்தால்தான் நான் அனுப்புவேன். சாதாரண நாணயத்துக்குச் சான்று வாங்குவது காசை வீணடிப்பது.

6. அரிதா, வெறும் பழசா

வயதுக்கும் விலைக்கும் உறவு மிகக் குறைவு. சீனாவின் வடக்குச் சாங் வம்சத்துச் சதுர ஓட்டைக் காசுகள் ஆயிரம் வருடப் பழசு, ஆனால் கோடிக்கணக்கில் வார்த்ததால் இன்றும் மலிவு. கான்ஸ்டன்டைன் காலத்து ரோமானிய வெண்கலக் காசுகளும் அப்படித்தான்.

எத்தனை அடித்தார்கள் என்பதும் முழுக் கதை சொல்லாது, எத்தனை மிஞ்சின என்பதே கேள்வி. 1933-ஆம் ஆண்டின் அமெரிக்க இருபது டாலர் தங்க நாணயம் 4,45,500 அடிக்கப்பட்டது. வெளியே விடாமல் ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட ஒன்று 2021-இல் ஏலத்தில் 1.89 கோடி டாலருக்குப் போனது. மறுபக்கம், அரிதாக இருந்தும் தேடுபவர் யாரும் இல்லாததால் தூங்கும் நாணயங்களும் நிறைய.

பிழை நாணயம் என்று வரும்போது நிதானம் தேவை. பிரிட்டனில் 2008-இல் பழைய தலை அச்சையும் புதிய பின்பக்க அச்சையும் ஜோடி சேர்த்துவிட்டதால் ஆண்டே இல்லாத 20 பென்ஸ் வெளியானது. அது உண்மையான பிழை, நாணயச்சாலைக்குள் நடந்தது. நசுங்கியது, சுரண்டியது, அமிலத்தில் கரைந்தது எல்லாம் வெளியே நடந்த சேதம், அதற்கு விலை கிடையாது.

7. உண்மையான விலையைத் தேடுங்கள்

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். முடிந்த விற்பனைகளை மட்டும் பாருங்கள். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகள், விற்பனைத் தளங்களில் 'விற்றது' என்ற வடிகட்டி, இரண்டிலும் ஒரே ஆண்டு, ஒரே குறி, ஒரே தரத்தில் ஐந்தாறு விற்பனைகளை எடுங்கள். மிக அதிகத்தையும் மிகக் குறைவையும் விட்டுவிட்டு நடுவில் நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏல முடிவைப் படிக்கும்போது கழிவுகளைக் கவனியுங்கள். சுத்தியல் 1,000-இல் விழுந்தால், வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் சேர்த்து அவர் கொடுப்பது 1,200. விற்றவரிடம் 10 சதவீதம் பிடித்தால் அவர் கைக்கு வருவது 900. இணையத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்த 1,200. உங்கள் கணக்கு 900-இலிருந்து தொடங்க வேண்டும்.

8. எங்கே விற்பது

டீலரிடம் விற்றால் அன்றே பணம், விலை குறைவு. குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். முன்கூட்டியே பட்டியல் எழுதி, படம் எடுத்து வைத்திருங்கள், நாணயம் உங்கள் கண்ணை விட்டு உள்ளறைக்குப் போகக்கூடாது. முக்கியமானது, நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்க விடாதீர்கள். பால் ஆடையை ஒருவர் எடுத்துக்கொண்டால் மிஞ்சியதை யாரும் தொடமாட்டார்கள். நல்லவற்றைத் தனியாக விற்பதென்றால் நீங்களே பிரித்து விற்றுவிடுங்கள். இல்லையேல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை பேசுங்கள்.

ஏலம் அரிய நாணயத்துக்கு. பணம் வர மாதக்கணக்கில் ஆகும். கீழ்வரம்பு விலை வைக்க முடியுமா, விற்காவிட்டால் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

நேரடியாக இணையத்தில் விற்றால் விலை அதிகம், தலைவலியும் அதிகம். இருபக்கமும் நேராக ஒரு படம், சாய்ந்த ஒளியில் ஒரு படம், விளிம்பு ஒரு படம். எடையையும் குறைகளையும் நீங்களே எழுதிவிடுங்கள், வாங்கியவர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மலிவு. பணம் வந்து உறுதியான பிறகே அனுப்புங்கள். உறையைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் ஒட்டி, காப்பீட்டோடு பதிவு செய்து அஞ்சலில் அனுப்புங்கள். மேலே 'நாணயம்' என்று எழுதாதீர்கள்.

"உங்கள் நாணயத்துக்குப் பல லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யார் சொன்னாலும் அது மோசடி. வரி, கமிஷன், கூரியர் என்று பெயர் மாறும், வித்தை ஒன்றுதான். வாங்குகிறவன் உங்களிடம் ஏன் பணம் கேட்க வேண்டும்?

மண்ணிலிருந்து எடுத்ததும் மிகப் பழைய நாணயமும் தனி விவகாரம். பல நாடுகளில் புதையலை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும், தொல்பொருள் என்று கருதப்படுவதை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பினால் குற்றம். அனுப்பும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

9. மாற்றிக்கொள்வது

பணமே கைமாறாமல் சேகரிப்பை வளர்க்க இதுதான் வழி. என்னைக் கேட்டால், விற்பதைவிட இதில்தான் சுவாரஸ்யம். நுமிஸ்டா போன்ற தளங்களில் உங்களிடம் கூடுதலாக இருப்பதையும் தேவைப்படுவதையும் பட்டியலிட்டால், எங்கோ இருக்கும் ஒருவருடைய பட்டியலோடு அது பொருந்தும். தொடங்கும் முன் நான்கு விஷயங்களைப் பேசி முடியுங்கள்: படத்தை வைத்து தரத்தை ஒப்புக்கொள்வது, அஞ்சல் செலவு யாருடையது, யார் முதலில் அனுப்புவது (அனுபவம் குறைந்தவர் முதலில் என்பதே வழக்கம்), சொன்னபடி இல்லையென்றால் என்ன செய்வது.

கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. கேட்டலாகில் ஒரு டாலர் போட்ட பத்து நாணயம், பத்து டாலர் போட்ட ஒரு நாணயத்துக்குச் சமமில்லை. மலிவு நாணயங்களுக்குப் போட்டிருக்கும் விலையில் பெரும்பகுதி அதை எடுத்து, உறையிலிட்டு, விற்கும் உழைப்புக்கானது. மலிவுக்கு மலிவு எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஒன்று, வெள்ளிக்கு வெள்ளி சுத்த எடையில், அரியதற்கு அரியது முடிந்த விற்பனை விலையில். இப்படிப் பிரித்துக்கொண்டால் சண்டை வராது.

செல்லாமல் போன பணத்தை வங்கியில் மாற்றுவதும் உண்டு. ஜெர்மனியின் மத்திய வங்கி பழைய மார்க் நாணயங்களைக் காலவரம்பில்லாமல் ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று மாற்றித் தருகிறது. பிரான்சின் பிராங்குக்கு அந்தக் கதவு 2012-இலேயே முழுவதும் மூடிவிட்டது. மாற்றும் முன் அந்த நாணயம் சேகரிப்பாளர்களிடம் முகமதிப்பைவிட அதிகம் போகுமா என்று ஒரு பார்வை பாருங்கள்.

10. டப்பாவில் மிஞ்சியது

எல்லாம் பிரித்த பிறகும் கைநிறைய சில்லறை கிடக்கும், எந்தப் பட்டியலிலும் பொருந்தாது. இவை கிலோ கணக்கில்தான் போகும். அந்த எடைக் கட்சிக்கு இங்கே மட்டும் வெற்றி. ஆனால் தராசில் கொட்டும் முன் ஆண்டுகளை ஒருமுறை புரட்டுங்கள். 1964 வரையிலான அமெரிக்க டைம், குவார்ட்டர் (கால் டாலர்), 1946 வரையிலான பிரிட்டிஷ் ஷில்லிங், 1967 வரையிலான சுவிஸ் பிராங்கு, இதெல்லாம் வெள்ளி. விளிம்பைப் பாருங்கள். செம்பின் இருபக்கமும் செம்பு-நிக்கல் தகடு பதித்த புதிய குவார்ட்டரில் ஓரத்தில் செம்பு நிறக் கோடு ஓடும், வெள்ளியில் அது இருக்காது.